திரையில் ஓடும் மோட்டார்ப் பந்தயம்

வீடியோ விளையாட்டில் வரும் மோட்டார்ப் பந்தயத்தில் இன்பம் தருவது வேகமென்றே பலர் கருதுவர். நேரான பாதையில் எவ்வளவு விரைந்தாலும் சற்று நேரத்திற் சலிப்புத் தட்டிவிடும். சுவையெல்லாம் வளைவிலேதான் இருக்கின்றது. எவ்விடத்திற் பிரேக்கை அழுத்துவது, எக்கணத்தில் விடுவது என்பதை விரல்கள் மெல்ல மெல்லக் கற்கின்றன. பிழைத்தால் வண்டி வழுக்கிப் புற்றரையில் ஏறும். அப்பிழை தம்முடையதென்பது ஆடுபவருக்குத் தெளிவாகத் தெரிதல் வேண்டும். காரணமின்றி வழுக்கும் வண்டியை எவரும் மறுமுறை ஓட்ட விரும்பார்.

1997ஆம் ஆண்டில் யப்பானில் வெளிவந்த ‘கிரான் டுரிஸ்மோ’ இவ்வகையில் ஒருபடி மேலே சென்றது. புறப்படல், நிறுத்தல், வளைவிலே திருப்புதல் ஆகியவற்றைக் குறித்த நேரத்துக்குள் செய்து அனுமதிப் பத்திரம் பெற்றாலன்றி அதன் பெரிய பந்தயங்களில் இடமில்லை. பரீட்சையென்றால் ஓடி ஒளியும் மாணவர், இந்தப் பரீட்சைக்கு மட்டும் இருபது தடவையும் விரும்பித் தோற்றுவர்! தவறியவுடன் மீண்டும் தொடங்கலாம்; பெறுபேறும் அக்கணமே தெரிந்துவிடும். நம் பாடசாலைப் பிள்ளைகளோ பெறுபேற்றுக்கு மாதக்கணக்கிற் காத்திருக்கின்றனர்.

அதற்கு முன்னரே, 1992ஆம் ஆண்டில் வந்த ‘சூப்பர் மாரியோ கார்ட்’ என்னும் ஆட்டத்தில், தனியே நேரம் பார்த்து ஓடுபவருக்குத் தாம் முன்பு ஓடிய ஓட்டமே நிழலுருவாய் உடன் வரும். அந்நிழலை அரை விநாடியால் முந்திய பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.