அளவு மட்டும் போதாது, இடமும் வேண்டும்

பயிர்க்கடன் விண்ணப்பம் நம் பார்வைக்கு வருங்கால் நாம் முதலில் நோக்குவது சர்வே எண்ணையே. ஏக்கரும் பயிரும் செவ்வனே எழுதப்பட்டிருப்பினும், சர்வே எண் பிழையாயின் அது பிறர் நிலத்தின் கணக்காகிவிடும். இன்று வந்துள்ள கம்பியில்லா உணர்கருவிகளுக்கும் இவ்விதி பொருந்தும்.

மண்ணின் ஈரத்தையோ நீரின் உப்பையோ அளந்து வானொலி அலை மூலம் அறிவிக்கும் சிறு சாதனமே உணர்கருவி. இதனால் நமக்கென்ன என்று அங்கத்தினர்கள் வினவலாம். நொய்யலை நினைவு கூர்க. பாசனத்திற்கென எழுந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. உழவர் நிலமிழந்து வருந்தினர். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பனியன் தொழிலும் தளர்ந்தது. இத்தகைய ஆற்றோரத்தில் பல கருவிகளை நிறுவுவதாகவும், அவற்றுள் ஒன்று ‘உப்பு மிகுந்தது’ என அறிவிப்பதாகவும் கொள்வோம். அதன் இடத்தைக் குறிப்பதில் 200 மீட்டர் பிழை நேரின், குற்றமற்ற பட்டறை பழி சுமக்கும், குற்றமுடையது தப்பிவிடும்.

ஒவ்வொரு கருவியிலும் ஜி.பி.எஸ். உறுப்பை வைத்தால் செலவு கூடும். பாட்டரியும் விரைவில் தீரும். ஆகவே சில கருவிகளின் இடத்தை மட்டும் திட்டமாக அளந்து நிறுவுவர். அவற்றிலிருந்து தத்தம் தூரத்தைக் கொண்டு ஏனையவற்றின் இடம் கணிக்கப்படும். ஒரு தூரம் தெரிந்தால் கருவி ஒரு வட்டத்தின்மேல் எங்கோ உள்ளது எனலாம். இரண்டு தெரிந்தால் இரு புள்ளிகளுள் ஒன்று. மூன்றாவது தூரமே ஐயத்தைத் தீர்க்கும். ஆனால் அம்மூன்று நிலைகளும் ஒரே நேர்கோட்டில் அமைதல் கூடாது. ஒரு கரை நெடுக வரிசையாக நட்டுவிட்டால், கருவி அக்கோட்டிற்கு இப்பக்கமா அப்பக்கமா என்பது விளங்காது.

தூரத்தை அறியும் வழிகள் இரண்டு. அலையின் வலிமை குறைவதைக் கொண்டு மதிப்பிடுவது மலிவு. எனினும் சுவரும் ஈர இலையும் அதனை ஏமாற்றும். அலை வந்துசேரும் நேரத்தை அளப்பது நுட்பமானது. எனினும் கடிகாரம் ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் 300 மீட்டர் தவறிவிடும்.

இம்முறையின் மூலம் பழையது. 1802-இல் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலை அருகே 100 அடி எஃகுச் சங்கிலியை ஏறத்தாழ 400 முறை கிடத்தி, ஒரு கோட்டை அளந்தார். அதனை அடிப்படையாகக் கொண்டு, கோணங்களை அளந்தே முக்கோணம் முக்கோணமாக நாட்டை அளந்து சென்றார். அவ்வரிசை கோயமுத்தூர்ப் பகுதி வழியாகவும் தென்முனையை எட்டியது. இடையிடையே கணக்கிற் கண்ட நீளத்தைத் தரையில் மீண்டும் அளந்து ஒப்பிடவும் அவர் தவறவில்லை. அதுவே தணிக்கை!

நம் சங்கங்கள் இக்கருவிகளைக் கூட்டாக வாங்க முன்வருமாயின், நாம் வேண்டுவது ஒன்றே. இடம் தெரிந்த கருவி ஒன்றைத் தெரியாததுபோல் வைத்துக் கணிக்கச் செய்க; விடையை நாடாவால் அளந்து சரிபார்க்க. உழவரும் பட்டறையாரும் அவ்வேளையில் உடனிருத்தல் நலம். இருவரும் ஒப்பிய அளவே நாளைய வழக்கிற்குச் சாட்சியாகும்.