குளத்தில் ஒரு குணம், குடலில் ஒரு குணம்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த பல்லவர் செப்பேட்டில், 7ஆம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்து ஏரியைப் பற்றியும் அதற்குப் பாலாற்றிலிருந்து வெட்டிய கால்வாயைப் பற்றியும் செய்தி இருக்கிறது. தொண்டை மண்டலத்து ஊர்கள் ஏரியையும் குளத்தையும் நம்பியே இருந்தவை. வாந்திபேதி என்ற காலரா வந்ததும் அந்தத் தண்ணீர் வழியாகத்தான். 1884இல் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் கல்கத்தாவில் காலராக் கிருமியை நோயாளிகளின் குடலில் மட்டுமல்ல, ஊரார் குடிக்கவும் துவைக்கவும் பயன்படுத்திய ஒரு குளத்திலும் கண்டார்.

தண்ணீரில் இருக்கும்வரை விப்ரியோ காலரே என்ற அந்தக் கிருமி பரம சாது. வளைந்த உடல், ஒற்றை வால். கழிமுகங்களில் இறாலுக்குத் தூரத்து உறவான பொடி மிதவை உயிரிகளின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு, அந்த ஓட்டையே தின்று காலம் தள்ளும். நச்சு தயாரிக்கும் மரபணு உடலில் இருந்தாலும் சும்மா கிடக்கும்.

அதை விழுங்கிவிட்டால் கதை மாறுகிறது. இரைப்பை அமிலத்தில் பெரும்பாலானவை செத்துப்போகின்றன. தப்பிப் பிழைத்தவை சிறுகுடலுக்கு வந்துவிட்டோமா என்று அறிந்தாக வேண்டும். கண்ணும் மூக்கும் இல்லாத உயிருக்கு அதன் உறையில் செருகி நிற்கும் புரதங்களே துணை. டாக்ஸ்ஆர், டிசிபிபி என்று இரண்டு முக்கியம். ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மறுமுனை உள்ளே டிஎன்ஏவைப் பிடிக்கும். பித்த உப்பு பட்டதும் டிசிபிபி மூலக்கூறுகள் இரண்டிரண்டாகப் பிணைகின்றன. அதன் விளைவாக, நச்சு மரபணுவை எழுப்பும் டாக்ஸ்டி என்ற மூன்றாவது புரதம் உற்பத்தியாகிறது.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்ததுதான். டாக்ஸ்டி உடனே வேலையைத் தொடங்குவதில்லை. பித்தநீரோடு சேர்ந்து வரும் ஓலிக் அமிலம் போன்ற கொழுப்பமிலங்கள் அதற்குள் போய் உட்கார்ந்து அதை முடக்கி வைக்கின்றன. கோழைப் படலத்தைத் துளைத்துக் குடற்சுவரை நெருங்கினால், அங்கே சுரக்கும் பைகார்பனேட் அதை முடுக்கிவிடுகிறது. பஸ் சரிதான், உன் ஸ்டாப் இன்னும் வரவில்லை என்று கண்டக்டர் சொல்வதுபோல, ஒரே பித்தநீர் இரண்டு சேதி சொல்கிறது.

அப்புறம் தாமதமே கிடையாது. ஒட்டிக்கொள்ள மெல்லிய இழைகள் முளைக்கின்றன. நச்சு வெளியேறுகிறது. கல்கத்தாவின் சம்பு நாத் டே 1959இல் நிரூபித்த நச்சு இது. குடல் செல்கள் உப்பை வெளியே கொட்ட, பின்னாலேயே தண்ணீரும் போகிறது. கடுமையான நோயாளிக்கு மணிக்கு ஒரு லிட்டர்கூட இழப்பாகும்.

பல கிருமிகள் கூட்டம் சேர்ந்த பிறகு தாக்கும். காலராக் கிருமி நேர்மாறு. ஒவ்வொன்றும் சிறு மூலக்கூறுகளைக் கசியவிடுகிறது, அவற்றின் அடர்த்தியே அதற்குத் தலை எண்ணும் வழி. கூட்டம் பெருத்ததும் ஹாப்ஆர் என்ற புரதம் நச்சு உற்பத்தியை நிறுத்தி, பிடியை விடுவிக்கும் நொதியைச் சுரக்க வைக்கிறது. பேதியோடு கிருமி மறுபடி தண்ணீருக்குப் போகிறது. நம்மைக் கொல்வதில் அதற்கு ஒரு லாபமும் இருப்பதாகத் தெரியவில்லை, ஊர் போய்ச் சேர்ந்தால் போதும்.

தண்ணீருக்குத் திரும்பி மிதவை உயிரியின் ஓட்டைத் தொட்டால் இன்னொரு குணமும் விழிக்கிறது. ஓட்டிலுள்ள கைட்டினை உணர்ந்ததும், சுற்றியிருக்கும் அந்நிய டிஎன்ஏவை இழுத்துச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கும். 1992இன் கடைசியில் சென்னையில் ஓ139 என்ற புது வகைக் காலரா தலைகாட்டியது. கிருமி பழையதே, மேலுறைச் சர்க்கரை மட்டும் வேறு. பழைய காலராவுக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களும் படுத்தார்கள். கைட்டின் மேல் வளர்ந்தால் இந்த மாதிரி உறை மாற்றம் ஒரே மூச்சில் நடக்கும் என்று 2007இல் ஆய்வகத்தில் காட்டினார்கள்.

ஓட்டைப் பிடித்துத் தொங்கும் இந்தப் பழக்கத்தை நமக்குச் சாதகமாக்கியவர் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கால்வெல். வங்கதேசத்தின் மத்லப் பகுதிக் கிராமங்களில் பழைய சேலையை மடித்துத் தண்ணீர் வடிகட்டச் சொன்னது அவருடைய குழு. காலரா 48 சதவீதம் குறைந்தது என்று 2003இல் அறிவித்தார்கள். தனியே நீந்தும் கிருமி துணியில் நழுவிவிடும், மிதவை உயிரியோடு வருவது மாட்டிக்கொள்ளும். காஞ்சிப் பட்டு இதற்கு ஆகாது. துவைத்துத் துவைத்து இழை பிரிந்து கண் சிறுத்த நூல் சேலை, நான்கு மடிப்பாவது வேண்டும்.