பேஸ்மேக்கரும் ஸ்மார்ட் வாட்சும்: அலையா, காந்தமா?

பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டு வீடு திரும்பும் நோயாளியின் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அப்பா இனி ஸ்மார்ட் வாட்ச் கட்டலாமா? அதன் கதிர்வீச்சு கெடுதல் செய்யாதா?" கைபேசித் தொழிற்சாலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் இக்கேள்வி எழுவது இயல்பே.

கடிகாரமும் காதொலிக் கருவியும் புளூடூத் வழியே வெளியிடும் ரேடியோ அலைகள், எக்ஸ் கதிர்களைப் போல மரபணுவை நேரடியாகச் சிதைக்கும் ஆற்றல் உடையவை அல்ல. அவற்றின் உறுதிசெய்யப்பட்ட விளைவு, திசுவைச் சற்றே சூடாக்குவதாகும். உடல் ஈர்க்கும் இவ்வாற்றலுக்கு எஸ்.ஏ.ஆர். என்று பெயர். இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் கைபேசிகளுக்கு, ஒரு கிராம் திசுவின் சராசரிக் கணக்கில், கிலோகிராமுக்கு 1.6 வாட் என்பதே வரம்பு. பெரும்பாலான கைபேசிகளில் *#07# என்று அழுத்தினால் அவற்றின் அளவு திரையில் தோன்றும். தொலைவிலுள்ள கோபுரத்தை எட்டக் கைபேசி 200 மில்லிவாட் வரை செலவிடக்கூடும்; புளூடூத் கருவிக்குப் பெரும்பாலும் சில மில்லிவாட்டே போதும். சிம் வசதியுள்ள கடிகாரம் மட்டும் கைபேசியைப் போலவே கோபுரத்துடன் பேசும்.

ஆகவே, எங்கள் கருத்தில், அஞ்சவேண்டியது அலையை விடக் காந்தத்தையே. சில கைபேசிகளின் பின்புறத்திலும், கடிகாரங்களிலும், காதொலிக் கருவியின் பெட்டியிலும் காந்தம் உண்டு. வலுவான காந்தம் மிக அருகில் வந்தால் பேஸ்மேக்கர், இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கவனியாது, ஒரே வேகத்தில் துடிப்பூட்டத் தொடங்கலாம். ஐ.சி.டி. கருவியோ, உயிர்காக்கும் மின்னதிர்ச்சியைத் தராமல் நின்றுவிடலாம். காந்தம் விலகியதும் பொதுவாக இரண்டும் பழைய நிலைக்குத் திரும்பும். ஆயினும் அந்த இடைவெளியில் இதயம் தடுமாறினால் என்னாவது? இதனாலேயே, குறைந்தது 15 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டுமென அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021-இல் அறிவுறுத்தியது.

கருவி இடத் தோளின் கீழ் இருந்தால் கடிகாரத்தை வலக்கையில் அணியுங்கள். சட்டைப்பையில் கைபேசி வேண்டாம். கம்பெனிப் பேருந்தில் உறங்கிச் செல்வோர் இதை மறந்துவிடுகின்றனர். உடற்கொழுப்பை அளக்கும் வசதியுள்ள கடிகாரம் உடலுக்குள் சிறு மின்னோட்டத்தைச் செலுத்துவதால், அவ்வசதியைப் பயன்படுத்தாதீர்கள். எம்.ஆர்.ஐ. அறைக்குள் எதையும் அணிந்து செல்லலாகாது.

தலைச்சுற்றலோ படபடப்போ தோன்றினால் முதலில் கருவியை மார்பிலிருந்து விலக்குங்கள்; அறிகுறி மறைந்தாலும் மருத்துவரிடம் தெரிவியுங்கள். மயக்கம் வந்தால் தாமதியாது மருத்துவமனைக்கு வாருங்கள். பேஸ்மேக்கர் அட்டையுடன் அந்தக் கடிகாரத்தையும் எடுத்து வாருங்கள்.