மல்லாட்டைக் கொல்லையிலிருந்து முண்டியம்பாக்கம் வரை

திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரம் போகிற வழியெல்லாம் நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் மாறி மாறிக் கண்ணில் படுகின்றன. கொல்லை இருந்தால் எலி இருக்கும். எலி இருந்தால் அதைத் தேடிக் கண்ணாடி விரியன் வரும். மல்லாட்டை பிடுங்கக் குனிந்தவரின் கையிலோ, இருட்டில் மடை மாற்றப் போனவரின் கணுக்காலிலோ ஒரு நொடியில் இரண்டு பற்கள் பதிகின்றன. அங்கிருந்து 108 வண்டி புறப்படுகிறது. 2010-இல் தொடங்கிய முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வாசலில் போய் நிற்கிறது. கடிபட்டவர் பிழைத்தால் ‘ஊசி போட்டார்கள், சரியாகிவிட்டது’ என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த வேலையைப் பார்க்கிறோம். அந்த ஒரு ஊசியின் பின்னால் எத்தனை உயிர்கள் வரிசையாக நின்று கைகொடுத்தன என்பதை எண்ணிப் பார்க்க நமக்கு ஏது நேரம்?

முதலில் அந்த விஷத்தைப் பார்ப்போம். வானூர் வட்டத்துத் திருவக்கரையில் கல்லாய்ச் சமைந்து கிடக்கின்றனவே மரங்கள், அவை இரண்டு கோடி ஆண்டுப் பழமை கொண்டவை. அவை இலையும் கிளையுமாய்ப் பச்சை பூத்து நின்ற காலத்திலேயே விரியன் குலம் இந்தப் பூமியில் ஊர்ந்துகொண்டிருந்தது. அத்தனை யுகங்களாகச் செதுக்கப்பட்ட நஞ்சு அது. ஒரு கடியில் இறங்குவது சராசரியாக 63 மில்லிகிராம்தான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தத் துளிக்குத்தான் எத்தனை நுட்பம்! நம் ரத்தம் உறைவதற்கென்று உடலில் காரணிகள் பல ஒன்றையொன்று எழுப்பக் காத்திருக்கின்றன. காயம் பட்ட இடத்தில் மட்டும், வேண்டிய அளவு மட்டும் அவை விழித்து, ஃபைப்ரினோஜன் என்னும் புரதத்தை நூலாக்கி வலை பின்னுகின்றன. விரியனின் விஷம் இந்த வரிசையின் நடுவே புகுந்து, ஐந்தாம் காரணியையும் பத்தாம் காரணியையும் நேராகத் தட்டி எழுப்பிவிடுகிறது. காயமே இல்லாத இடங்களிலும் நூல் செலவாகிறது. உடம்பு முழுக்க இருந்த இருப்பு தீர்ந்துபோனபின், ஈறிலிருந்து கசியும் ரத்தத்தை நிறுத்தவும் ஓர் இழை மிச்சமிருப்பதில்லை.

இதைக் கண்டறிய மருத்துவமனையில் செய்யும் சோதனையோ மிக எளியது. கடிபட்டவரின் ரத்தத்தில் இரண்டு மில்லியை, சுத்தமாகக் கழுவி உலர்த்திய கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசையாமல் வைத்திருக்கிறார்கள். பிறகு மெல்லச் சாய்க்கிறார்கள். ரத்தம் கட்டியாகி அடியிலேயே நின்றால் நல்லது. தண்ணீராய் ஓடினால் விஷம் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் கண்ணாடியின் மேற்பரப்பைத் தொட்டால்தான் ரத்தம் உறையும் வேலையைத் தொடங்கும். பிளாஸ்டிக் குழாயில் அந்தச் சோதனை பொய் சொல்லிவிடும். கோடிகள் கொட்டி வாங்கும் இயந்திரங்களுக்கு நடுவே இந்தக் குழாயின் முன்னால்தான் என் கை தானாகக் குவிகிறது.

இனி மருந்து. ‘ஏ.எஸ்.வி.’ என்று செவிலியர்கள் சொல்லும் விஷமுறிவு மருந்து குதிரையின் கொடை. 1895-இல் ஆல்பர்ட் கால்மெட் என்ற பிரெஞ்சு மருத்துவர் காட்டிய வழி அது. விஷத்தை மிகச் சிறிய அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குதிரைக்குச் செலுத்துகிறார்கள். அந்தக் குதிரையின் பாட்டன் பூட்டன் எவரும் திண்டிவனத்துக் கொல்லையில் மேய்ந்ததில்லை, இந்த நஞ்சைக் கண்டதும் இல்லை. ஆனாலும் அதன் ரத்தம், வந்திருக்கும் பகையின் ஒவ்வொரு மடிப்பையும் அறிந்து, அதோடு மட்டுமே பொருந்துகிற எதிர்ப்புரதத்தை உருவாக்கிவிடுகிறது. இனி வரப்போகும் எந்த எதிரிக்கும் ஒரு வடிவத்தை முன்கூட்டியே இருப்பில் வைத்திருப்பவன் எவனோ, அவனை என்ன பெயர் சொல்லி அழைப்பது?

கணக்கும் அழகானது. ஒரு குப்பியில் 10 மில்லி மருந்து. ஒரு மில்லி, கண்ணாடி விரியனின் விஷத்தில் 0.6 மில்லிகிராமை அடக்கும். ஆக, குப்பிக்கு 6 மில்லிகிராம். பத்துக் குப்பி ஏற்றினால் சராசரிக் கடியின் விஷம் ஏறக்குறைய முழுதும் அடங்கிவிடும். பெரியவருக்கும் பச்சைக் குழந்தைக்கும் அளவு ஒன்றே. ஆளைப் பார்த்துப் பாம்பு விஷத்தைக் குறைப்பதில்லை அல்லவா! இதைத் தெரிந்துகொண்ட பின்னும் கடிவாயைக் கத்தியால் கீறுவதும், கயிறு போட்டு இறுக்குவதும், மந்திரிக்கப் போய் மணிக்கணக்கைத் தொலைப்பதும் படைப்புக்கே செய்யும் அவமரியாதை. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்துக்கொண்டு வண்டி ஏறுவதே வழி.

குதிரையின் புரதம் சிலரின் உடலுக்கு ஒவ்வாமல் போவதுண்டு. தோல் தடித்து, மூச்சுக்குழல் இறுகி, ரத்த அழுத்தம் சரியும். அப்போது தொடையில் ஏறுவது அட்ரினலின், அரை மில்லிகிராம். 1901-இல் தகாமினே ஜோகிச்சி என்ற ஜப்பானியர் பிரித்தெடுத்த இந்தப் பொருள் நமக்கு அந்நியமானதே இல்லை. இரு சிறுநீரகங்களின் மேலும் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் நாம் பிறந்த நாள் முதல் இதைச் சுரந்துகொண்டிருக்கின்றன. ஒரே மூலக்கூறு, போகுமிடத்துக்கு ஏற்ப வெவ்வேறு வேலை செய்கிறது. ரத்தக் குழாயில் இறுக்கச் சொல்கிறது, மூச்சுக்குழலில் தளரச் சொல்கிறது, இதயத்தில் வேகமாகத் துடிக்கச் சொல்கிறது. சொல்லி முடித்துச் சில நிமிடங்களில் சிதைந்து மறைந்தும் போகிறது. அதற்கு மேல் தங்கினால் அதுவே ஆபத்து.

கடித்தது நல்ல பாம்பாக இருந்தால் நரம்பு தசைக்குச் சொல்லும் சேதி தடைபட்டு இமை தாழ்ந்துவிடும். அந்தச் சேதியை ஓங்கி ஒலிக்கச் செய்ய நியோஸ்டிக்மின் போடுகிறார்கள். அது இதயத்தைத் தளர்த்திவிடாமல் காக்க, துணைக்கு அட்ரோபினும் போகிறது. அட்ரோபினோ, தரிசு நிலத்தில் கேட்பாரற்றுப் பூத்து ஈசன் முடியேறும் ஊமத்தையிலும் உறைந்திருக்கும் பொருள். தின்றால் சித்தம் கலங்கும், அளவோடு ஏற்றினால் துணைநிற்கும்.

நஞ்சுக்கும் இப்படி இன்னொரு முகம் உண்டு. மாரடைப்பில் ரத்தம் மேலும் கட்டாமல் தடுக்கும் டைரோஃபிபான் என்ற மருந்து, சுருட்டை விரியனின் விஷத்தில் உள்ள ஒரு புரதத்தைப் பார்த்து வடிவமைத்தது. கண்ணாடி விரியனின் விஷத்தையே நீர்க்கச் செய்து, ரத்தம் உறைவதில் கோளாறு உண்டா என்று ஆய்வுக்கூடங்களில் சோதிக்கிறார்கள்.

இத்தனைக்கும் முதல் கை, பாம்பைப் பிடித்து விஷம் எடுத்துத் தரும் இருளர் பழங்குடியினருடையது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் குடிசை போட்டு வாழும் அவர்களை நாம் நிமிர்ந்து பார்ப்பதுகூட அபூர்வம். பாம்புத்தோல் வணிகம் தடைபட்டுப் பிழைப்பு போன பின், 1978-இல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் அவர்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் அதற்குத் துணைநின்றார். பிடித்த பாம்பை மண்குடத்தில் வைத்துச் சில வாரங்கள் காத்து, நான்கு முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் இட்டு, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்தச் சமூகத்தின் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

ஒரே இனத்துப் பாம்பாக இருந்தாலும் மண்ணுக்கு மண் விஷத்தின் சேர்மானம் மாறுகிறது. தமிழ்நாட்டு விஷத்தைக் கொண்டு செய்த மருந்து, தொலைதூரத்துப் பாம்புகளிடம் இதே வலுவோடு வேலை செய்வதில்லை என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வட்டாரத்துக்கு வட்டாரம் தனியாக விஷம் எடுக்க வேண்டும் என்ற குரல் அதனால்தான் எழுகிறது. அது நடக்கும்வரை, ராஜஸ்தான் பாலையில் கடிபட்டவருக்கும் பெரும்பாலும் வடநெம்மேலிக் குடத்துப் பாம்பின் விஷத்தில் பிறந்த மருந்துதான் ஏறும்.