சக்கரத்தின் பின்பக்கம்

புது ரிம் நான்கையும் மாட்டிக்கொண்டு நேராகப் பாடலாத்ரி நரசிம்மர் கோயில் வாசலுக்குத்தான் வண்டியை விட்டேன். தேங்காய், சூடம், நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். பழங்களை நசுக்கிக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் ஏறி, செங்கல்பட்டுப் பக்கம் திருப்பினேன். வேகம் எண்பதைத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்கியது. பரனூர் சுங்கச்சாவடிக்காக வேகத்தைக் குறைத்தேன், நடுக்கம் நின்றது. தாண்டிப் போய் மறுபடி எண்பது, மறுபடி நடுக்கம். ரிம் மாட்டி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

நான் முப்பது வருஷம் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். வட்டம், விட்டம், ஆரம் என்று போர்டில் எழுதியே சாக்பீஸ் தேய்த்தவள். அப்படிப்பட்டவள், நான்கு வட்டங்களைக் காசு கொடுத்து வாங்கப் போன இடத்தில் ஒரே ஓர் எண்ணைத்தான் கேட்டேன். விலை.

என் கார் 2012 மாடல் ஃபோர்டு ஃபிகோ. எங்கள் ஊர் சிங்கப்பெருமாள் கோயிலை ஒட்டியிருக்கும் மறைமலை நகரில் செய்த வண்டி. 2021 செப்டம்பரில் கம்பெனி இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2022-ல் மறைமலை நகரிலிருந்து கடைசி வண்டியும் வெளியே போனது. என் வண்டி மட்டும் சளைக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரிக்கு ஒதுங்கியபோது, தண்ணீர் நிறைந்த பள்ளத்தில் முன்பக்க இடது சக்கரம் இறங்கியது. டயர் தப்பித்தது. இரும்பு ரிம்மின் விளிம்பு மடங்கிவிட்டது.

அந்தச் சாலை போய்ச் சேரும் ஒரகடத்தில் அப்பல்லோ டயர் ஆலை இருக்கிறது. இரும்பு ரிம் செய்யும் ஸ்டீல் ஸ்ட்ரிப்ஸ் வீல்ஸ் இருக்கிறது. வாகனங்களைச் சோதிக்கும் ஆராய்ச்சி மையமும் அங்கேதான். அரிசி ஆலைக்குப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு அரிசி ரகம் தெரியாமல் இருப்பதைப் போலத்தான் நான் இருந்திருக்கிறேன்.

மடங்கியது ஒரு ரிம்தான். நான் போன கடையில், "ஒண்ணு மட்டும் மாத்தினா நல்லா இருக்காது மேடம். நாலும் அலாய் போட்டுடுங்க, 15 இன்ச். லுக்கே மாறிடும்" என்றார்கள். கறுப்பும் வெள்ளியுமாகப் பளபளத்தது. பழைய ரிம்களை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டார்கள். நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

டீச்சருக்குப் பாடம்

ஸ்டீயரிங் நடுங்கிய மறுநாள், ரயில்வே ஸ்டேஷன் பக்கம் டயர் கடை வைத்திருக்கும் பழைய மாணவனிடம் போனேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் 41 வாங்கியவன். ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தைக் கழற்றினான். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. தரையில் கவிழ்த்துப் போட்டு, துணியால் துடைத்துவிட்டுக் கேட்டான்: "டீச்சர், வாங்கும்போது இதைத் திருப்பிப் படிச்சீங்களா?"

படிக்கவில்லை. ஒரு ரிம்மின் ஜாதகம் முழுக்கப் பின்பக்கத்தில்தான் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

முதல் எண் பி.சி.டி. நட் மாட்டும் ஓட்டைகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் வரைந்தால், அதன் விட்டம். நான்கு ஓட்டை ரிம்மில் எதிரெதிர் ஓட்டைகளின் மையத்துக்கு மையம் ஸ்கேல் வைத்தால் போதும். ஐந்து ஓட்டை என்றால் எதிரே ஓட்டை இருக்காது. பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் மையத் தூரத்தை 1.701-ஆல் பெருக்க வேண்டும். இந்தக் கணக்கை மட்டும் நான் அவனுக்குச் சொன்னேன். மானம் கொஞ்சம் மீண்டது.

மாருதி ஸ்விஃப்ட், ஹூண்டாய் ஐ10 போன்ற நம் சின்னக் கார்கள் பலவற்றுக்கு 4 ஓட்டை, 100 மில்லிமீட்டர். ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கு 5 ஓட்டை, 100. என் ஃபிகோவுக்கு 4 ஓட்டை, 108. வித்தியாசம் எட்டே மில்லிமீட்டர்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது, ரிம் உட்காராது. அதனால்தான் கடைக்காரர்கள் 100-க்கும் 108-க்கும் பொதுவாக எட்டு ஓட்டை ரிம் வைத்திருக்கிறார்கள். எட்டு ஓட்டையாகவே வார்த்து வந்த ரிம் தப்பில்லை. 100-க்கு அடித்த ஓட்டையை லேத்தில் இழுத்து 108 ஆக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட வேண்டும்.

இரண்டாவது, நடு ஓட்டை. வண்டியின் ஹப் அதில் போய் உட்காரும். என் ஹப் 63.4 மில்லிமீட்டர். ஸ்விஃப்ட்டுக்கும் ஐ10-க்கும் 54.1. எல்லா வண்டிக்கும் விற்க வேண்டும் என்பதால் வெளிச் சந்தை அலாய்கள் பலவற்றில் நடு ஓட்டையைப் பெரிதாகவே விட்டுவிடுகிறார்கள். என்னுடையதில் 73.1. அதாவது விட்டத்தில் 9.7 மில்லிமீட்டர் இடைவெளி. ஹப் தாங்கி நடுவில் நிறுத்த வேண்டிய சக்கரம், நான்கு நட்டுகளை மட்டும் நம்பி நின்றிருக்கிறது. ஒரு முடி அளவு மையம் விலகினாலும், எண்பதில் கையில் தெரியும். "பேலன்சிங் மெஷின்ல போட்டா ஓகேன்னுதான் காட்டும் டீச்சர். அங்கே கோன் வச்சு நடுவுல பிடிச்சிடும். வண்டியில யார் பிடிப்பா?" என்றான்.

மருந்து சின்னது. வெளியே 73.1, உள்ளே 63.4 உள்ள ஒரு வளையம், சக்கரத்துக்கு ஒன்று. ஹப் ரிங் என்பார்கள். வாங்கிப் போட்டான். நடுக்கம் போன இடம் தெரியவில்லை.

தேருக்குச் சக்கரம் எங்கே?

கதை அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பொங்கல் விடுமுறைக்கு மகள், மருமகன், இரண்டு பேத்திகள் வந்தார்கள். ஐந்து பேர், பெட்டிகள், தண்ணீர்க் கேன். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் புறப்பட்டோம். முதல் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் பின்னாலிருந்து 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். அடுத்ததில் இன்னொரு தடவை. ஐந்து ரதம் போய்ச் சேர்ந்து பார்த்தால், பின் டயர்கள் இரண்டின் தோளிலும் கத்தியால் சீவியதைப் போலக் கோடு.

ரதங்களைச் சுற்றி வந்த சின்னப் பேத்தி, "பாட்டி, தேருன்னு சொன்னீங்க, சக்கரம் எங்கே?" என்றாள். உண்மைதான், பல்லவர்கள் ஒற்றைக் கல்லில் குடைந்த அவை கோயில் வடிவங்கள், ரதம் என்ற பெயர்தான் ஒட்டிக்கொண்டது, சக்கரம் கிடையாது. மருமகன் சொன்னார்: "நல்லவேளை அத்தை, உரசற பிரச்சினை இல்ல."

மறுபடி டயர் கடை. மூன்றாவது எண், ஆஃப்செட். ரிம்மை அகலவாக்கில் சரிபாதியாக வெட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்பதுதான் அது. ரிம்மில் 'ஈ.டி.' என்று எழுதி ஓர் எண் போட்டிருப்பார்கள். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே துருத்தும். கூடினால் உள்ளே போய் ஷாக் அப்சார்பரை உரசும். என் பழைய ரிம் அகலம் ஐந்தரை அங்குலம், ஈ.டி. 47.5. புதியது ஆறரை அங்குலம், ஈ.டி. 35.

போர்டு இல்லாததால் அவன் கடைப் பில் புத்தகத்தின் பின்னால் போட்டேன். ஆஃப்செட் குறைந்ததால் 12.5 மில்லிமீட்டர் வெளியே. அகலம் ஓர் அங்குலம் கூடியதில் பாதி, 12.7, அதுவும் வெளியே. மொத்தம் 25.2. ஒவ்வொரு சக்கரமும் ஏறக்குறைய ஓர் அங்குலம் துருத்திக்கொண்டிருக்கிறது. தனியாக ஓட்டும்போது தெரியாது. ஐந்து பேர் ஏறி வண்டி தாழ்ந்தால் மட்கார்டில் இடிக்கும். வீல் பேரிங்கும் சீக்கிரம் சத்தம் போடும். "இதுக்கு வளையம் கிடையாது டீச்சர்" என்றான் பையன்.

டயர் கணக்கு

ரிம்மை மாற்றினால் டயரும் மாறும். அங்கே ஒரு கணக்கு இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். என் பழைய டயர் 175/65 ஆர் 14. 175 என்பது அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் டயரின் பக்கச் சுவர் எத்தனை சதவீத உயரம் என்பது, 113.75 வருகிறது. மேலும் கீழும் சேர்த்து 227.5. ரிம் 14 அங்குலம், அதாவது 355.6. கூட்டினால் 583.1 மில்லிமீட்டர். வண்டியின் ஸ்பீடோமீட்டர் இந்த விட்டத்தை நம்பித்தான் வேகம் காட்டுகிறது.

15 அங்குல ரிம்முக்கு 185/55 போட்டால் 584.5, கால் சதவீதம்கூட மாறவில்லை. 195/55 போட்டால் 595.5, இரண்டு சதவீதம் கூடுகிறது. யாராவது ஆசைப்பட்டு 205/55 ஆர் 16 போட்டால் 631.9. எட்டு சதவீதத்துக்கு மேல். முள் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 86-ஐத் தாண்டி ஓடும். பிக்கப் குறையும், மைலேஜ் குறையும். அலாய் போட்ட பிறகு வண்டி இழுக்கவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ரிம் பெரிதாகி விட்டம் மாறாமல் இருக்க வேண்டுமென்றால் டயர்ச் சுவர் குட்டையாகும். பள்ளத்தின் அடியை வாங்க ரப்பர் குறைவு. மீதியை ரிம் வாங்கும்.

டயரில் அளவுக்குப் பின்னால் 82 டி என்பது போல ஒன்று இருக்கும். 82 என்றால் அந்த டயர் 475 கிலோ தாங்கும். டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை. மாற்றும்போது இந்த எண் பழையதைவிடக் குறையவே கூடாது. நல்ல ரிம்மிலும் அது தாங்கும் பாரம் கிலோவில் பொறித்திருக்கும். முன் அச்சில் இறங்கும் முழுப் பாரத்தில் பாதியையாவது ஒரு ரிம் தாங்க வேண்டும். பின் அச்சுக்கும் அப்படியே. அதோடு ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் தேடுங்கள். ரிம்களுக்கு அதைக் கட்டாயமாக்கி மத்திய அரசு 2020-ல் ஆணை போட்டிருக்கிறது.

சட்டமும் உண்டு. கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. எளிய வழி: உங்கள் காரின் விலை கூடிய ரகத்துக்குக் கம்பெனியே என்ன அளவு போட்டதோ, அதற்கு மேல் போகாதீர்கள்.

இரும்பா, அலாயா?

எங்கள் பக்கத்துச் சாலைகளே பதில் சொல்லும். கன்டெய்னர் ஓடும் ஒரகடம் சாலையில் தினமும் போகிறவருக்கு இரும்பு ரிம் நல்லது. பள்ளத்தில் விழுந்தால் வளையும். லேசான வளைவு என்றால் பெண்டு எடுத்துவிடலாம். அலாய் வளைவதற்குப் பதில் விரிசல் விடலாம். விரிசல் விட்டதை ஆர்கான் வெல்டிங் வைத்து ஓட்டக் கூடாது. வெல்டிங் சூட்டில் அந்த இடத்தின் பதம் போய்விடும்.

கோவளம், மாமல்லபுரம் என்று கடலோரம் குடியிருப்பவர்களுக்கு வேறு தொல்லை. உப்புக் காற்று. இரும்பு ரிம்மில் டயர் உட்காரும் விளிம்பு துருப்பிடித்தால் காற்று மெல்லக் கசியும். ஆணியைத் தேடி அலுத்துப் போவோம். அலாய் துருப்பிடிக்காது, ஆனால் மேல்பூச்சு கீறினால் அடியில் வெள்ளையாகப் பூத்து உரியும். குரோம் பூசியது இன்னும் மோசம். கடற்கரைக்குப் போய் வந்தால் நல்ல தண்ணீரில் சக்கரத்தைக் கழுவிவிடுவது இரண்டுக்குமே ஆயுள்.

கடைசியாக நட். ஹோண்டாவின் நட் உட்காரும் இடம் உருண்டை. மற்ற பல வண்டிகளுக்குக் கூம்பு. மாற்றிப் போட்டால் பிடிப்பு கிடைக்காது. மாருதிக்குப் புரியிடைத் தூரம் 1.25 மில்லிமீட்டர், ஃபோர்டுக்கும் ஹூண்டாய்க்கும் 1.5. 12 மில்லிமீட்டர் போல்ட்டில் 1.5 புரி நட் குறைந்தது 8 சுற்று இறங்க வேண்டும். ஒன்றுக்கு எதிர் ஒன்றாகக் குறுக்கு மறுக்காக முடுக்கி, வண்டிப் புத்தகத்தில் சொன்ன இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச் வைக்க வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு தடவை.

துருத்தும் அலாய்க்கு வேறு மருந்து இல்லை என்பதால், எக்ஸ்சேஞ்சில் கொடுத்த பழைய ரிம்களைத் தேடிப் போனேன். விற்றுவிட்டார்களாம். ஒரு சனிக்கிழமை காலை, பேத்தியின் ஜியோமெட்ரி பாக்ஸோடு மின்சார ரயில் ஏறி, பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனேன். ஒரு கடையில் ஃபிகோவின் 14 அங்குல இரும்பு ரிம் அடுக்கியிருந்தது. "பெயிண்ட் பாரும்மா, புதுசு மாதிரி இருக்கு" என்றார் பெரியவர். "பின்னாடி திருப்புங்கய்யா" என்றேன். எண்ணைப் படித்தேன். ஓட்டைக்கு ஓட்டை ஸ்கேல் வைத்தேன். விளிம்பில் துருவும் வெல்டிங் தழும்பும் இருக்கிறதா என்று விரலால் தடவினேன். ஏழில் நான்கு தேறியது. பெரியவர் சிரித்துக்கொண்டே விலையில் கொஞ்சம் இறங்கினார்.

டயர் கடைப் பையன் ஒவ்வொன்றையும் மெஷினில் சுற்றவிட்டு, ஆட்டம் இல்லை என்று பார்த்த பிறகே டயர் ஏற்றினான். இந்த முறையும் எலுமிச்சம்பழம் வாங்கினேன். ஆனால் பழத்தை டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு, முதலில் பரனூர் வரை எண்பதில் போய்த் திரும்பினேன். ஸ்டீயரிங் அசையவில்லை. அப்புறம்தான் கோயிலுக்கு விட்டேன்.