பழைய அம்பாஸடர் வண்டியின் பிரேக் கோளாறுகள்

அம்பாஸடர் மோட்டார் வண்டியின் உற்பத்தி 2014ஆம் வருஷத்தில் நின்றுவிட்டபோதிலும், கிராமாந்தரங்களில் சிலர் அதை இன்னும் ஓட்டிவருகின்றனர். இதன் ஆதிகால வண்டிகளில் ஒரே மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஒரே வழியாய் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் ஆயில் செல்லுகிறது. ஆகையால் ஓரிடத்தில் ஒழுகினாலும் நான்கிலும் பிரேக் போய்விடும்.

கோளாறு இன்னதென்பதைப் பெரும்பாலும் பெடலே காட்டிக்கொடுக்கும். மிதிக்கையில் பஞ்சுபோல் அமுங்கினால் குழாய்களில் காற்று புகுந்திருக்கிறது. அதை வெளியேற்ற வேண்டும். முதல் மிதியில் தாழ்ந்து, இரண்டு மூன்று முறை மிதித்தபின் உயர்ந்து கெட்டியாய் நின்றால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாகிவிட்டது. இதைச் சரிசெய்வது எளிது. ஆனால் காலை அழுத்தியபடியே இருக்கையில் பெடல் மெள்ள மெள்ள இறங்குமாயின் அதுவே அபாயக்குறி. குழாய்களையும் சக்கரங்களின் உட்புறத்தையும் பரிசோதிக்க வேண்டும். வெளியே கசிவு காணாவிடில் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் தேய்ந்திருக்கும். சந்தைக்குத்தானே என்று அவ்வண்டியை எடுத்துச் செல்லலாகாது.

வண்டி ஒரு பக்கமாய் இழுத்தால், பெரும்பாலும் மறுபக்கத்து லைனிங்கில் எண்ணெய் படிந்திருக்கும்.

ஆயில் குறைந்ததென்று பம்புசெட்டுக்கு வைத்திருக்கும் எஞ்சின் ஆயிலை வார்ப்பது பெருந்தவறு. ரப்பர் கப்புகள் உப்பி, பிரேக் விடுபடாமல் பிடித்துக்கொள்ளும். பின்னர் ரப்பர் பாகங்கள் யாவற்றையும் மாற்ற நேரிடும். வண்டிக்குரிய பிரேக் ஆயிலையே வார்க்க வேண்டும். திறந்து நாள்பட்ட டப்பாவிலுள்ளது காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்குமாதலால் அதுவும் உதவாது. ஈரமேறிய ஆயில் மலைப்பாதை இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் பெடல் திடீரென்று தாழ்ந்துவிடும்.