பாவனைப் பந்தயம்

விரைவை விரும்பாத இளைஞர் உலகில் அரியர். வினை முடித்து மீளும் தலைவன், தேரை விரைந்து செலுத்துமாறு பாகனை ஏவுதலை அகநானூற்றின் முல்லைப் பாட்டுக்களிற் பலகாலும் காண்கின்றோம். தேர் போய்க் கார் வந்தது. விழைவு மட்டும் மாறிற்றில்லை. அவ்விழைவு தகுந்த இடம் பெறாதவழி விளையும் கேடு எத்தகையது என்பதை யான் என் இல்லத்திலேயே கண்டேன்.

காஞ்சி மாநகர்க்கு அணித்தாகிய ஏனாத்தூர் எம்மூர். எந்தையார் பட்டு நெய்பவர். ஊர்க்கு அண்மையிற் செல்லும் சென்னை–பெங்களூர்ப் பெருவழியில், ஈராண்டுகட்கு முன் ஓரிரவு, என் தமையனார் தம் தோழரோடு மோட்டார் சைக்கிளிற் பந்தயம் ஓட்டி வீழ்ந்து வலக்கால் முறிந்தார். ஏழு திங்கள் படுக்கையிற் கழிந்தன. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாய் அமையும் கோர்வைச் சேலையை நெய்வதற்குத் துணையாள் ஒருவர் வேண்டும். அத்துணையாளராய் இருந்தவர் அவரே. ஆகலின் அவர் கிடந்த நாள்களிற் கோர்வைத் தறியும் ஓய்ந்து கிடந்தது. கால் ஒருவாறு தேறிய பின்னும் அவர் முகம் தேறிற்றில்லை. அந்நாளில், நண்பரொருவர் இல்லத்தில், இளைஞர் 'சிம் ரேஸிங்' என வழங்கும் பாவனைப் பந்தயத்தை அவர்க்குக் காட்டினேன். அன்று தொடங்கி இருவரும் ஓராண்டு அதனைப் பயின்றோம். ஒரு சுற்றினை முடிக்கும் காலத்தைக் குறைத்தற்குரிய நெறிகளுள் யாம் கண்டறிந்தவற்றை இவண் தொகுத்துரைப்பேன்.

கணினித் திரையின்முன் ஸ்டியரிங் சக்கரமும் மிதிகளும் அமைத்து, காரின் எடை, டயரின் பிடிப்பு, காற்றின் தடை முதலியவற்றைக் கணினி நொடிதோறும் கணக்கிட்டுக் காட்ட, அதற்கேற்ப ஓட்டுவதே இவ்விளையாட்டு. இது சிறுவர் பொழுதுபோக்கே என்று எள்ளுவார் உளர். ஜான் மார்டன்பரோ என்னும் ஆங்கில இளைஞர், 2011-ல் தம் பத்தொன்பதாம் வயதில், இத்தகைய ஆட்டத்தின் வாயிலாகத் தேர்வுபெற்று, 2013-ல் லெமான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் மெய்யாகவே காரோட்டினார். நம் நாட்டிலோ மெய்ப்பந்தயம் பெருஞ்செல்வர்க்கே எளிது. முன்னாளிற் சோழவரத்து விமான ஓடுதளத்தில் நிகழ்ந்த பந்தயங்கட்குப் பின்னர், 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத்தடம் திறக்கப்பட்டது. எம்மூரினின்று சென்னை செல்லும் பெருவழியில், திருப்பெரும்புதூரைக் கடந்ததும் அஃது உள்ளது. அதன் நீளம் 3.717 கிலோமீட்டர், திருப்பங்கள் 12. கோவை நரேன் கார்த்திகேயன் 2005-லும், சென்னைக் கருண் சந்தோக் 2010-லும் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இடம்பெற்றுத் தமிழகத்திற்குப் பெருமை சேர்த்தனர். எனினும் நெய்வார் மகன் அத்தடத்தில் ஒருநாள் ஓட்டுதற்கும் பொருள் எங்கே? பாவனைப் பந்தயத்திலோ நூறுமுறை மோதினும் எலும்பு முறிவதில்லை.

இனி, காலம் எங்கே குறைகின்றது என்பதைக் கணக்கால் ஆராய்வோம். இருங்காட்டுக்கோட்டைத் தடத்தினை ஒருவர் 1 நிமிடம் 50 விநாடியிற் சுற்றுவாராயின், அவர்தம் சராசரி விரைவு மணிக்கு ஏறக்குறைய 122 கிலோமீட்டராம். அவர் ஒரு விநாடி குறைக்க விரும்பின், பன்னிரண்டு திருப்பங்களிலும் பன்னிரண்டில் ஒரு விநாடி வீதம் குறைத்தல் போதும். அவ்விரைவில் அச்சிறு பொழுதிற் கார் கடக்கும் தொலைவு மூன்று மீட்டர்க்கும் குறைவே. எனவே பெருந்துணிவு ஒன்றினால் ஒரு விநாடி வந்து சேர்வதில்லை. பன்னிரண்டு சிறு திருத்தங்களினாலேயே வரும்.

திருத்தங்களுள் முதலாவது வழித்தேர்வு. திருப்பத்தின் வளைவு எத்துணை அகலமோ அத்துணை விரைவைக் கார் தாங்கும். டயரின் பிடிப்பு காரின் எடைக்கு ஒப்பானதென்று கொண்டால், 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 50 கிலோமீட்டரே செல்லலாகும்; 30 மீட்டர் ஆரமாயின் 61 கிலோமீட்டர் செல்லலாம். ஆதலின் தடத்தின் வெளியோரத்திற் புகுந்து, உள்ளோரத்தைத் தொட்டு, மீண்டும் வெளியோரத்திற் சென்று சேர்தல் வேண்டும். நீண்ட நேர்வழிக்குமுன் உள்ள திருப்பத்தில் உள்ளோரத்தைச் சற்றுப் பிந்தித் தொடுதல் நன்று. அங்ஙனம் செய்யின் ஆக்ஸிலரேட்டரை முன்னரே அழுத்தலாம். அங்குப் பெற்ற விரைவு நேர்வழி முழுதும் பயன் தரும்.

இரண்டாவது பிரேக்கு. மணிக்கு 180 கிலோமீட்டரில் வரும் கார் அதே பிடிப்போடு 50-க்கு இறங்க ஏறக்குறைய 118 மீட்டர் வேண்டும். புதியவர், பிந்திப் பிரேக்கிடுதலே வீரம் என்று கருதி, திருப்பத்தில் அகன்று வழிதவறுவர். பிரேக்கைத் தொடக்கத்தில் வன்மையாய் அழுத்தி, திருப்பத்துட் புகுந்தவாறே சிறிது சிறிதாக விடுதலே நெறி. காரணம் வருமாறு: டயரின் பிடிப்பு முழுதும் நூறு பங்கு என்க. தடுத்தலும் திருப்புதலும் ஒன்றற்கொன்று செங்குத்தான திசையில் நிகழ்தலின், தடுத்தற்கு 80 பங்கு செலவாயின் திருப்புதற்கு 60 பங்கு எஞ்சும். தடுத்தற்கே நூறும் செலவாயின் திருப்புதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே ஸ்டியரிங்கைத் திருப்புந்தோறும் பிரேக்கு குறைதல் வேண்டும். காஞ்சியிற் பெருமாள் தேர் தெருமுனையிற் திரும்புதலைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். முட்டுக்கட்டை இடுவார், தேரை முற்றும் நிறுத்திப் பின்னர்த் திருப்புவாரல்லர், தடையாலேயே திருப்புவர்.

மூன்றாவது பார்வை. காரின் முன்புறத்தையே நோக்குவான் எப்பொழுதும் பிந்துவான். பிரேக்கிடும் முன்னரே கண் உள்ளோரத்திற்குச் செல்லல் வேண்டும். உள்ளோரத்தை அடையும் முன்னரே வெளிவாயிலுக்குச் செல்லல் வேண்டும்.

அடுத்து இருக்கையும் கருவிகளும். திரை காட்டும் காட்சிக் கோணம் மெய்யளவோடு பொருந்தாவிடின் தொலைவும் விரைவும் பிழைபடத் தோன்றும். 60 சென்டிமீட்டர் அகலமுள்ள திரையைக் கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் தொலைவில் வைத்தால் கிடைக்கோணம் 53 பாகை. அந்த அளவையே அமைத்தல் வேண்டும். ஸ்டியரிங்கின் எதிர்விசையை மிகுதியாக வைத்தலும் குற்றமே. எல்லை கடந்த விசைகளெல்லாம் ஒரே அளவாய்க் கைக்குத் தோன்றும். டயர் வழுக்கத் தொடங்குதல் புலனாகாது. பிரேக்கு மிதி, நகரும் தொலைவை அளப்பதினும் அழுத்தத்தை அளப்பதாயின் சிறப்பு. குழித்தறியில் அமர்ந்து மிதிக்கும் கால், மிதியின் தொலைவையன்று, அதன் கனத்தையே நினைவிற் கொள்கின்றதன்றோ?

இவற்றிற்குப் பின்னரே காரின் அமைப்பு. முதலிற் டயர்க் காற்றழுத்தம். மிகின் டயர் தரையில் நன்கு படியாது. குறையின் திருப்பத்திற் துவளும், சூடும் ஏறும். சில சுற்றுக்கள் ஓடிச் சூடேறிய பின் உள்ள அழுத்தத்தையே நோக்குதல் வேண்டும். பின்னர்க் காரின் இயல்பை அறிதல் வேண்டும். ஸ்டியரிங் திருப்பியும் முன்புறம் வெளியே வழுக்குமாயின் அஃது அண்டர்ஸ்டியர்; பின்புறம் வழுக்கிச் சுழலுமாயின் அஃது ஓவர்ஸ்டியர். முன்புறம் வழுக்கின் முன் ஆன்ட்டி-ரோல் கம்பியைத் தளர்த்துக. பின்புறம் வழுக்கின் பின்கம்பியைத் தளர்த்துக. பிரேக்கின் பங்கு முன்சக்கரங்கட்கு மிகின் கார் நிலைபெறும், ஆயின் திரும்ப மறுக்கும். பின்சக்கரங்கட்கு மிகின் திரும்பும், ஆயின் சுழலவும் கூடும். இறக்கையால் வரும் அழுத்தம் விரைவின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. விரைவு இரட்டித்தால் அழுத்தம் நான்மடங்காகும். ஆதலின் மெதுவான திருப்பத்தின் குறையை இறக்கையால் தீர்க்க முயலுதல் வீண்.

இவற்றுள் ஒருமுறை ஒரு மாற்றமே செய்தல் வேண்டும். இரண்டு மாற்றங்களை ஒருங்கு செய்தவன், எதனால் நலம் வந்தது, எதனால் தீங்கு வந்தது என்று அறியான். அன்றியும், பத்துச் சுற்றுக்களை அரை விநாடி வேறுபாட்டிற்குள் ஓட்ட இயலாதவன் அமைப்பைத் தொடலாகாது. காரின் மாற்றமும் கையின் தடுமாற்றமும் அவனுக்கு ஒன்றாகவே தோன்றும். பாவு சீராக இழுபடாத தறியில் ஊடையைக் குறைகூறுதல் போல்வது அது. வள்ளுவர் தெரிந்துசெயல்வகைக்கும் காலமறிதலுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தமையின் அருமையை, வகுப்பறையிற் கற்றதினும் இத்திரையின்முன் யான் மிகுதியும் உணர்ந்தேன்.

எம் தமையனார் முதல்நாள் ஓட்டிய சுற்றிற்கும் ஆறாம் திங்களில் ஓட்டிய சுற்றிற்கும் இடையே ஏழு விநாடி குறைந்தது. அவற்றுள் ஆறு விநாடி ஓட்டும் முறையால் வந்தவை. ஒன்றே காரின் அமைப்பால் வந்தது. வலக்கால் இன்னும் வலுப்பெறாமையின் பிரேக்கினை இடக்காலால் மிதிக்கப் பழகினார். குறையெனக் கருதியதே அவர்க்குத் துணையாயிற்று. ஒருநாள், மோதி நின்ற காரைத் திரையில் நெடும்பொழுது நோக்கியிருந்தவர், "தம்பி, அன்று பெருவழியிற் பிரேக்கிடுதல் கோழைமை என்று எண்ணினேன். அதனை எங்கே இடுவது, எங்கே விடுவது என்று அறிதலே ஓட்டுதல் என்பது இன்றுதான் தெரிகின்றது," என்றார். யான் மறுமொழி கூறவில்லை.

அவர் இப்பொழுது மீண்டும் தறிக்குழியில் எந்தையார்க்குத் துணையாய் அமர்கின்றார். சனிக்கிழமை இரவில் மட்டும் நண்பர் இல்லத்தில் எமக்குப் பந்தயம் உண்டு. விரைவை நாடும் தோழர்காள்! பெருவழி ஊரார் அனைவர்க்கும் உரியது. ஆண்டு நம் விழைவிற்கு விலை கொடுப்போர் பிறராகவும் கூடும். நும் விரைவைத் திரையிலோ, தகுந்த தடத்திலோ அளந்து காண்மின். அங்கே பிழைத்தவன் மறுசுற்றில் அதனைத் திருத்திக்கொள்ளலாம்.